மரகதம் மதினியின் கதவு

தம்பிகளே, கியர் பாக்ஸ் இறக்க வேண்டும் என்றால் துள்ளிக்கொண்டு வருகிறீர்கள். எஞ்சின் பிரிக்கிற நாளில் சாப்பாட்டு நேரம்கூட மறந்துபோகிறது. கதவின் பவர் லாக் பார்க்கச் சொன்னால் மட்டும் ஒருவருக்கு வயிற்றுவலி, இன்னொருவருக்கு மச்சினன் வீட்டு விசேஷம். எனக்குத் தெரியாததா? கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் கிளிப் உடையும். கையை உள்ளே விட்டால் தகரம் கிழிக்கும். எல்லாம் முடித்து வெளியே வந்தால் வண்டிக்காரர், "இதுக்கா இம்புட்டு நேரம்?" என்பார். பேர் கிடைக்காத வேலை.

ஒர்க்‌ஷாப்பை மருமகனிடம் கொடுத்துவிட்டு அனுமந்தன்பட்டியில் வீட்டோடு இருக்கிறேன். எப்போதாவது கம்பம் பக்கம் வந்தால் நீங்கள் டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, ஒங்க சர்வீஸ்ல பாத்த பெரிய வேலை எது?" என்று கேட்கிறீர்கள். பாதி மலையில் பிரேக் போன ஜீப்பு, தண்ணீரில் மூழ்கிய லாரி என்று எதையோ எதிர்பார்த்து என் வாயையே பார்க்கிறீர்கள். ஏமாறத் தயாராக இருங்கள். நான் சொல்லப்போவது ஒரு பழைய எஸ்.யூ.வி.யின் முன்பக்க இடது கதவைப் பற்றி.

வண்டி செல்வராசு அண்ணனுடையது. சின்னமனூரில் உரக்கடை வைத்திருந்தவர். கணீரென்ற குரல், மூக்குக்கு மேல் கோபம். மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அந்தக் குரல் தணிந்துவிடும். மனைவி பேர் மரகதம், எனக்கு மதினி. கடையில் அண்ணனுக்குச் சமமாக உட்கார்ந்தவர். வாடிய இலையைக் கையில் கொண்டுவந்து காட்டினால், அண்ணன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் மதினி நோயையும் மருந்தையும் சொல்லி முடித்திருப்பார். கேலியும் கிண்டலும் அப்படி வரும். என்னைப் பார்த்தால், "என்ன ஆரோக்கியம், இன்னிக்கு யாரு வண்டிய நோயாளியாக்குன?" என்பார்.

அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது. காது கேட்கும், எல்லாம் புரியும், சொல்ல மட்டும் வாய் வராது. "ம்ம்" உண்டு, "ம்ஹூம்" உண்டு. வைத்தியத்துக்குப் பிறகு கம்பு ஊன்றி மெல்ல நடக்கிற அளவுக்குத் தேறினார். அண்ணன் கடையை மூடிவிட்டு முழு நேரமும் மதினியோடு இருந்துவிட்டார். சோறு பிசைவது, தலை பின்னுவது, செருப்பு மாட்டுவது எல்லாம் அவர்தான். மதினி தண்ணீர்ச் செம்பைப் பார்த்தால் போதும், அவர் கை அதற்கு முன்னால் போய்விடும்.

இந்த இடத்தில்தான் வண்டி வருகிறது. பழைய பெரிய வண்டி, உயரமானது. அதன் இருக்கை சரியாக மதினியின் இடுப்பு உயரத்தில் இருக்கும். முதுகைக் காட்டி நின்று, அப்படியே சாய்ந்து உட்கார்ந்து, இடது கையால் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்வார். யாரும் தூக்க வேண்டாம். மகன் பெங்களூரிலிருந்து ஒரு புதுக் காரில் வந்தபோது அதில் மதினியை ஏற்றிப் பார்த்தார்கள். தாழ்வான கார். ஆள் வைத்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள், ஆள் வைத்துத் தூக்கி வெளியே எடுத்தார்கள், யூரியா மூட்டை மாதிரி. அதற்குப் பிறகு அந்தக் காரைப் பார்த்தாலே மதினி முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அண்ணன் சொன்னார். ஆக, மதினி தன் காலில் ஏறி வெளியே போவது என்றால் அந்தப் பழைய வண்டி ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு தடவையாவது கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் சுருளிப்பட்டிப் பக்கம். திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போக மதினிக்குப் பிடிக்கும். எந்தப் பந்தலில் இலை சுருண்டிருக்கிறது என்று இன்றைக்கும் அவர் கண் தேடும்.

அந்த வண்டிக்குத்தான் ஒரு வியாதி வந்தது. டிரைவர் கதவைச் சாத்தினால் சில நேரம் எல்லாக் கதவும் தானாகவே 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ரிமோட்டைத் தொட வேண்டாம், பட்டனைத் தொட வேண்டாம். தினமும் இல்லை, நினைத்தால் வரும். என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். லாக் மோட்டாரை மாற்றினேன். சரியாகிவிட்டது போல இருந்து, திரும்ப வந்தது. கண்ட்ரோல் பெட்டியை மாற்றினேன். திரும்பவும் வந்தது. அண்ணன் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மகன் போனில் என்னிடமே பேசினார். நல்ல பையன், அம்மா மேல் உயிர். "அண்ணே, ஒரு தடவ அம்மா உள்ள இருக்கப்ப லாக் ஆகி, வெளிய வர முடியாமப் போச்சுன்னு வைங்க. என்ன பண்றது? அவுகளால தானா தெறந்துக்கிட்டு வர முடியாது. இன்னும் ஒரே ஒரு தடவ இப்பிடி ஆச்சுன்னா வண்டிய வித்துருவேன். அப்பா என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வண்டி போனால் மதினியின் சுருளிப்பட்டியும் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, லாக் ஆயிருச்சு. அவ உள்ள இருக்கா."

"சாவி?"

"உள்ளதான். வண்டி ஓடிக்கிட்டிருக்கு. வெக்கையா இருக்கேன்னு ஏ.சி.யப் போட்டு விட்டுட்டு, பழம் வாங்க எறங்குனேன். கதவச் சாத்துனேன், டக்குன்னுருச்சு."

"ஸ்பேர் சாவி வச்சிருப்பீகளே."

"வச்சிருக்கேன்யா, ரிமோட் இல்லாத வெறுஞ்சாவி. ஓட்டையில ஏறமாட்டேங்குது. சீக்கிரம் வா."

பையை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். சுருளிப்பட்டி தாண்டிச் சாலையோரம் திராட்சைக் கூடைகளை வைத்து விற்கிற இடம். போய்ச் சேர்ந்தபோது வண்டியைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். ஒருவர் கைப்பிடியை இழுக்கிறார், முடியவில்லை என்று விலகுகிறார். அடுத்தவர் வந்து தானும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறார். பூட்டின கதவைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. நடுவில் அண்ணன், சட்டை நனைந்து, இடது கதவின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் போன். அதில் ஸ்பீக்கரில் மகன், "கண்ணாடிய ஒடைங்கப்பா, யோசிக்காதீக" என்று கத்திக்கொண்டிருந்தார். திராட்சை லோடு ஏற்ற வந்த தடித்த ஆள் ஒருவர் கையில் ஒரு கல்லோடு தயாராக நின்றார்.

"ஏலே, தள்ளுங்கடா. ஒரே போடு, தீந்துச்சு" என்றார் அவர்.

முதலில் சாவித் துவாரத்தைப் பார்த்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது. விளிம்பில் மஞ்சளாக ஒரு வளையம். ஆயுத பூஜை தவறாமல் வண்டியைக் கழுவி, போனட்டுக்கு, சக்கரத்துக்கு, ஸ்டியரிங்குக்கு என்று சந்தனம் குங்குமம் வைக்கிறோம் இல்லையா? வட்டமாக ஒரு சின்னக் குழி இருந்தால் அங்கே பொட்டு வைக்கத்தான் விரல் போகும். ரிமோட் வந்த பிறகு அந்தத் துவாரத்தில் யாரும் சாவியே போடுவதில்லை. போட்டிருந்தால் அவ்வப்போது சுரண்டிக்கொண்டு வந்திருக்கும். வருடா வருடம் சந்தனத்தின் மேல் சந்தனம் காய்ந்து, உள்ளே சிமெண்டு பூசினது மாதிரி ஆகிவிட்டது. இடப்பக்கமும் அதே கதை, வலப்பக்கமும் அதே கதை. பக்தி கூடிப்போய்ப் பூட்டுக்கு மூச்சடைத்துவிட்டது. என் வீட்டில் தொங்குவது மாதா படம் என்றாலும், ஒர்க்‌ஷாப்பில் பொரிகடலையும் பூசணிக்காயும் இல்லாமல் ஒரு ஆயுத பூஜை போனதில்லை, அதனால் இதில் நான் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது.

அடுத்து, கண்ணாடி வழியாக டாஷ்போர்டைப் பார்த்தேன். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பழைய வண்டி, நின்ற இடத்தில் ஏ.சி.யோடு அந்த வெயிலில் ஓடுகிறது, ஏறத்தான் செய்யும். போனட்டைத் திறக்கும் லிவர் வண்டிக்குள்ளே இருக்கிறது. எஞ்சின் கொதித்து நின்றால் ஏ.சி. நிற்கும். ஏ.சி. நின்றால் மூடின கண்ணாடிக்குள் மதினி. கையில் நேரம் இருந்தது, ஆனால் நிறைய இல்லை.

"ஒடைக்க வேணாங்கிறீகளா?" என்றார் கல்லுக்காரர்.

"மதினி ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர சாப்பிடுறாக. கண்ணாடி தெறிச்சு ஒரு கீறல் பட்டாலும் நிக்காது" என்றேன்.

தம்பிகளே, இந்த மாதிரி இடத்தில் கல் வைத்திருப்பவரிடமிருந்து கல்லைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் கீழே வேறு கல் கிடக்கும். அவருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். நான் அவர் தோளில் கை வைத்து வண்டியின் கடைசிக்கு அழைத்துப்போனேன். பின்னால் ஓரத்தில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும், மதினிக்கு ரொம்பத் தள்ளி. "நீங்க இங்கனயே நிக்கணும். நான் ஒடைங்கன்னு சொன்னா இத மட்டும் ஒடைங்க. சொல்ற வரைக்கும் ஒருத்தனையும் கிட்ட விடாதீக" என்றேன். அந்த ஆள் அதற்குப் பிறகு காவல்காரர் மாதிரி நின்றார். கத்துகிற ஒரு வாயும் குறைந்தது, கடைசி வழிக்கு ஓர் ஆளும் தயாராக இருந்தார். முள் சிவப்பைத் தொட்டால் உடைத்துவிடுவது என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

இனி நம் வழக்கமான வழி. கதவின் மேல் விளிம்பைக் கொஞ்சம் நெம்பி, கம்பியை உள்ளே விட்டு, ஜன்னல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லாக் குமிழைக் கொக்கி போட்டுத் தூக்குவது. பையிலிருந்து கம்பியை எடுக்கக் குனிந்தேன். அப்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, அவ கை காட்டுறாய்யா" என்றார்.

"என்னண்ணே?"

"அப்பருந்து கை காட்டுறா. போயிட்டு வாரேன்னு காட்டுறா."

நிமிர்ந்து பார்த்தேன். ஏ.சி. ஓடியும் மதினி வியர்த்திருந்தார், ஆனால் கண்ணில் பயம் இல்லை. எனக்குத் தெரிந்த அதே மரகதம் மதினி. கடையில் யாராவது அசட்டுத்தனமாக எதையாவது கேட்டால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் நெம்புவதற்கு இடம் பார்க்கலாம் என்று கதவுப் பக்கம் போனேன். போனதும் பழக்க தோஷம், நானும் ஒரு தடவை கைப்பிடியை இழுத்தேன். உடனே மதினி இடது கையை உயர்த்தி என்னைப் பார்த்துப் படபடவென்று ஆட்டினார்.

அந்த வெயிலிலும் எனக்கு ஒரு யோசனை ஓடியது. அண்ணனிடம் விடை சொல்கிறார் என்றால் சரி. எனக்கு எதற்குச் சொல்கிறார்? நான் இப்போதுதானே வந்தேன்?

கையை எடுத்தேன். மதினியின் கை ஆடுவது நின்றது. மெதுவாகத் தன் தோளுக்குப் பின்னால், குமிழைத் தேடிப் போனது. அது போவதைப் பார்த்ததும் அண்ணன் பாய்ந்து வந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். குமிழில் மதினியின் விரல் வழுக்கியது. மறுபடி அந்தக் கை முன்னால் வந்து படபடவென்று ஆடியது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெளியே கைப்பிடியை இழுத்துப் பிடித்திருக்கும்போது உள்ளே குமிழைத் தூக்கினால் அந்த வண்டியில் அது ஏறாது. நீங்களும் எத்தனையோ தடவை அனுபவித்திருப்பீர்கள். உள்ளே இருப்பவர் லாக்கை எடுக்கிற அதே நேரத்தில் வெளியே இருப்பவர் அவசரப்பட்டு இழுப்பார், கதவு முறைத்துக்கொள்ளும். அதுதான் நடந்துகொண்டிருந்தது. மதினியின் ஒற்றைக் கை பாடுபட்டுக் குமிழுக்குப் போகும். போகிறது, திறக்கப்போகிறாள் என்று கண்டதும் அண்ணன் ஆசையோடு இழுப்பார். மதினி தோற்றுப்போவார். பார்த்தவர்கள் எல்லோரும், "பாவம், அந்தம்மாவால முடியல" என்றார்கள். அவர் கை ஆட்டியது போய்வருகிறேன் என்று இல்லை. கையை எடுங்கள் என்று.

"அண்ணே, கைய எடுங்க" என்றேன்.

"எடுத்துட்டேன்ல" என்றார். கை கைப்பிடியில்தான் இருந்தது.

"எங்க எடுத்தீக? மதினி போயிட்டு வாரேன்னு காட்டல. ஒங்க கையத்தான் எடுக்கச் சொல்றாக. நீங்க இழுக்க இழுக்க அவுகளுக்குத் தெறக்காது."

அவர் என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதினி தலையை ஆட்டினார். "ம்ம்" என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை, உதடு தெரிந்தது. அண்ணன் கைப்பிடியைச் சூடுபட்டது போல விட்டார். விட்ட கை இருப்புக் கொள்ளாமல் கதவு ஓரத்துக்கே திரும்பப் போனது.

"ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கங்கண்ணே. பள்ளிக்கூடத்துல நிப்பம்ல, அப்பிடி."

கட்டிக்கொண்டார். போன் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அதிலிருந்து மகன், "என்ன ஆச்சு, யாராச்சும் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் வண்டிக்கு முன்னால் போய், மதினி பார்க்கும்படி என் வெறுங்கைகள் இரண்டையும் தூக்கிக் காட்டினேன். முள் சிவப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர் கதவை நெருங்கினார். பின்னாலிருந்து கல்லுக்காரர், "மெக்கானிக் அண்ணன் சொல்லிருக்காகல்ல, தள்ளி நில்லுய்யா" என்று ஒரு அதட்டுப் போட்டார்.

மதினி கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்து இளைப்பாறினார். பிறகு அந்தக் கை கிளம்பியது. தோளைத் தாண்டி, சீட் பெல்ட்டைத் தாண்டி, குமிழைத் தொட்டது. வழுக்கியது. அண்ணனின் தோள் துடித்ததை நான் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டார், பின்னால் கட்டின கையைப் பிரிக்கவில்லை. மதினி மறுபடி பிடித்தார். இந்தத் தடவை குமிழ் மேலே வந்தது. கை அங்கிருந்து இறங்கி உள்பக்கக் கைப்பிடிக்கு வந்து இழுத்தது. முழங்கையால் ஒரு தள்ளு. கதவு திறந்துகொண்டது.

ஒருவரும் அசையவில்லை. திறந்த கதவுக்கு முன்னால் அண்ணன் இன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

"அண்ணே, இப்பப் பிடிக்கலாம்" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் மதினியிடம் கண்ணாலேயே கேட்டார். மதினி, "ம்ம்" என்றார். அதற்குப் பிறகுதான் தொட்டார். நான் அழுதேன், மறைக்கவில்லை. பின்னால் கல்லுக்காரர் கல்லைப் பூப்போலக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

போனில் மகன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"தெறந்தாச்சுடா."

"எந்தக் கண்ணாடிய ஒடைச்சீக? அம்மாவுக்கு அடி படலயே?"

"கண்ணாடி அப்பிடியேதான்டா இருக்கு. ஒங்க ஆத்தா தெறந்துட்டா."

"யாரு?"

"ஒங்க ஆத்தாதான்டா. நாங்க ஒருத்தரும் தொடல."

மகன், "அம்மாட்ட போனக் குடுங்கப்பா" என்றார். மதினி போனைக் காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் "ம்ம், ம்ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியை விற்கிற பேச்சு அன்றோடு போனது.

கம்பியை விட்டு நானும் அந்தக் குமிழைத் தூக்கியிருப்பேன். எனக்கு அது கைவந்த வேலைதான், கூட்டமும் என்னைப் பாராட்டியிருக்கும். ஆனால் அந்தம்மாவால் முடியாது என்பது அப்படியே ஊர்ஜிதமாகியிருக்கும். மகன் வண்டியை விற்றிருப்பார். நான் நல்லபடியாக வேலை செய்து மதினியை வீட்டுக்குள் உட்கார வைத்திருப்பேன்.

இனி நீங்கள் கேட்கக் காத்திருக்கிற விஷயம்: பழுது எங்கே இருந்தது? டிரைவர் கதவுக்கும் பாடிக்கும் நடுவில், கீல் பக்கம், ஒரு ரப்பர் குழாய்க்குள் வயர்கள் போகின்றன அல்லவா? அதில் ஒரு வயரின் மேல்தோல் தேய்ந்துபோயிருந்தது. கதவை அடித்துச் சாத்தினால் மடங்கி, செம்பு பாடியில் தொடும். பூட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கண்ட்ரோல் பெட்டி எல்லாக் கதவையும் பூட்டிவிடும். ஒர்க்‌ஷாப்பில் நாம் என்ன செய்கிறோம்? கதவை மல்லாக்கத் திறந்து போட்டுத்தான் சோதிக்கிறோம். திறந்திருக்கும்போது அந்த வயர் நேராக நிற்கும், ஒரு தொந்தரவும் இருக்காது. கதவு மூடியிருந்தால்தான் வருகிற வியாதியைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன். அந்த வாரம் அவர்கள் வண்டியில் அவர்களோடேயே பின்னால் உட்கார்ந்து சுருளிப்பட்டி வரை போனேன். அண்ணன் எப்படிச் சாத்துகிறார், எங்கே நிறுத்துகிறார் என்று பார்த்தேன். பழக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பால் ஒரு இடி இடித்துக் கதவைச் சாத்தினார் பாருங்கள், 'டக்'. அங்கேயே பிடித்துவிட்டேன்.

வயரை மாற்றினேன், சாவித் துவாரங்களைச் சுரண்டி எடுத்தேன். ஊக்கை விட்டு நோண்ட நோண்டச் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காக வந்தன, ஒர்க்‌ஷாப்பே மணத்தது. இதை மட்டும் மனதில் வையுங்கள். பொட்டைத் துவாரத்துக்கு மேலே வையுங்கள், துவாரத்தில் வைக்காதீர்கள். ரிமோட் வேலை செய்தாலும் எப்போதாவது சாவியைப் போட்டுத் திருப்பச் சொல்லிக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்தும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இடது கதவுக்குப் பவர் லாக் வேண்டுமா, வேண்டாமா? அண்ணனிடம் கேட்கத்தான் வாய் திறந்தேன். இத்தனை நாளும் அவரிடம்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்திக்கொண்டு, வண்டிக்குள் இருந்த மதினியின் பக்கம் போய்க் கேட்டேன்.

"மதினி, இந்தக் கதவு மட்டும் தானா பூட்டாம, தானா தெறக்காம, குமிழத் தூக்குனாத்தான்னு வச்சிரவா? இல்ல பழையபடி பட்டன்லயே இருக்கட்டுமா?"

மதினி பட்டனைக் காட்டினார், "ம்ஹூம்." குமிழைக் காட்டினார், "ம்ம்." பிறகு என்னைப் பார்த்து, இதைக் கேட்க உனக்கு இவ்வளவு நாளா என்பது போல ஒரு சிரிப்பு. பேச்சு வரவில்லையே தவிர, கிண்டல் அப்படியேதான் இருந்தது. அந்தக் கதவின் மோட்டாரையும் பூட்டையும் இணைக்கிற கம்பியைப் பிரித்துவிட்டு, குமிழ் வழுக்காமல் இருக்க மேலே ஒரு சின்ன ரப்பரையும் மாட்டிக் கொடுத்தேன்.

பூட்டு வேலைக்கு வண்டி வந்தால், எந்தக் கதவு என்று கேட்கிறீர்கள். அந்தக் கதவுப் பக்கம் யார் உட்காருவார்கள் என்றும் கேளுங்கள். கேட்பதை அவரிடமே கேளுங்கள். பவர் லாக் வேலையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு மருமகன் கூப்பிட்டான் என்று போயிருந்தேன். செல்வராசு அண்ணன் வண்டியைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். சந்தனக் கிண்ணத்தை எடுத்து போனட்டுக்கு வைத்தார், ஸ்டியரிங்குக்கு வைத்தார், சாவித் துவாரத்துக்கு மேலே, என்னைப் பார்த்துக்கொண்டே, பார்த்துப் பார்த்து வைத்தார். இடது கதவுக்கு வந்ததும் உள்ளேயிருந்து மதினி கையை ஆட்டினார். அண்ணன் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

குமிழ் ஏறியது, கதவு திறந்தது. மதினி காலை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து, கம்பை ஊன்றி நின்றார். என் கையிலிருந்த கிண்ணத்தில் இடது கை விரலைத் தொட்டுக்கொண்டார். குமிழுக்குத்தான் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அண்ணனைப் பார்த்து, கையை நீட்டு என்று சாடை காட்டினார். அண்ணன் பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்து, குழப்பத்தோடு நீட்டினார். மதினி அதன் புறங்கையில் ஒரு பொட்டு வைத்தார். இன்னொரு கையையும் காட்டச் சொல்லி, அதற்கும் வைத்தார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் பொட்டு வைத்த இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கை கழுவலயாண்ணே?" என்று மருமகன் கேட்டான். "நீங்க சாப்பிடுங்கய்யா, நான் பெறகு சாப்பிட்டுக்கிறேன்" என்றார்.